ஓடைக்கரை மாட்டுப்பட்டி

மாடு வந்த லொறி சந்தியோடு நின்றுவிட்டது. தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவு லயத்து வீடுகளுக்கு ஏறுகிற பாதையை அந்த வருஷத்து மழை அரித்துத் தின்றிருந்தது. டிரைவர் பின்கதவைத் திறந்து ஒரு பலகையைச் சாய்த்து, "இனி நடத்திக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டார். பூரணி கயிற்றை வாங்கினாள். கறுப்பும் வெள்ளையுமாக, காதில் மஞ்சள் அட்டையோடு நின்ற அந்தக் கறவை மாட்டின் உயரத்தை அண்ணாந்து பார்த்தாள். இவ்வளவு பெரிய உயிருக்கு எங்கே போய்த் தீனி தேடப்போகிறோம் என்றுதான் முதலில் தோன்றியது.

ஒன்றரை மைல் ஏற்றம். கொஞ்சத் தூரத்துக்கு ஒரு தரம் மாடு நின்றுவிடும். இழுத்தால் வராது. கழுத்தைத் தடவிக் கொடுத்தால் பெருமூச்சு விட்டுவிட்டு நடக்கும். லயத்துக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் அவள் புருஷன் கந்தப்பன் ஊன்றுகோலோடு நின்றிருந்தான். அவன் தானாக எழுந்து வாசல்வரை வந்து பல மாதம் ஆகியிருந்தது.

கந்தப்பன் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறதில் பேர் வாங்கியவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஈர மலையில் வழுக்கித் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தான். இடுப்பெலும்பு போனது. கண்டி ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து அனுப்பினார்கள். ஒரு கால் குட்டையாகிவிட்டது. அதற்குப் பிறகு மலையேற முடியாது, காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகமுடியாது. லயத்துக் காம்பரா அறைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பான். மகள் நிரூபா ஸ்கூல் விட்டு வந்து பேசினாலும் ஒற்றைச் சொல்லில்தான் பதில். வீட்டில் ஒரே சம்பளம், பூரணி கொழுந்து பறித்துக் கொண்டுவருகிறது.

இப்படி வேலை செய்ய முடியாத ஆள் ஒருவர் வீட்டில் இருக்கிற குடும்பம் என்றுதான் அந்த வாழ்வாதாரத் திட்டத்துக்காரர்கள் அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தோட்டத்தில் ஐந்து குடும்பத்துக்கு மாடு. நான்கு கீழ்பிரிவுக்குப் போனது. மேல்பிரிவுக்கு வந்தது பூரணிக்கு மட்டும்.

மாட்டை எங்கே கட்டுவது என்று கேட்டதற்கு, மலை வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கையாதான் வந்து இடம் காட்டினார். லயத்துக்குப் பின்னால், ஓடையை ஒட்டிக் கொஞ்சம் சமதரை இருந்தது. "இதுல போடு. தேயிலைக்கும் பாதகமில்ல, ஒனக்கும் தண்ணி பக்கம்" என்றார். பழைய தகரமும் சவுக்குக் கம்புமாகச் சேர்த்து ஒரு பட்டி எழும்பியது. கம்பு நட்டது பக்கத்துக் காம்பரா ஆட்கள். தகரத்துக்கு ஆணி அடித்தது கந்தப்பன். உட்கார்ந்தபடியே அடித்தான்.

அந்த மாட்டை அவன் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். விடியுமுன்னே எழுந்து, ஊன்றுகோலைப் பிடித்து நகர்ந்து நகர்ந்து பட்டிக்குப் போவான். பால் கறக்க முக்காலி மாதிரி ஒன்றைத் தானே செய்துகொண்டான். கால் குட்டையானது அங்கே ஒரு குறையாக இல்லை. கறக்கிறவன் உட்கார்ந்துதானே கறக்கவேண்டும்! பாலைக் கேனில் ஊற்றி நிரூபா ஸ்கூலுக்குப் போகிற வழியில் ரோட்டுப் பால் சென்டரில் கொடுத்துவிடுவாள். பின்னேரம் பூரணி மலையிலிருந்து இறங்கும்போது ஓடையோரப் புல்லை அறுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வருவாள். பால் காசு வந்ததிலிருந்து நிரூபாவின் டியூஷன் நிற்காமல் நடந்தது. ஆனால் பூரணிக்குப் பெரிதாகப் பட்டது காசு இல்லை. ஒருநாள் அவள் புல்லுக்கட்டோடு வரும்போது பட்டிக்குள்ளிருந்து பேச்சுக்குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்களாக்கும் என்று எட்டிப் பார்த்தாள். கந்தப்பன் மாட்டோடு பேசிக்கொண்டிருந்தான். மழை எப்போது விடும் என்று அதனிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் உள்ளே போகாமல், புல்லை மெதுவாக இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள்.

நான்காம் மாதம் மிருக வைத்தியர் வந்து மாட்டுக்குச் சினை ஊசி போட்டார். அது தங்கிற்று.

சினைக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கும். ஒரு காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் கண்டாக்கையா ஒரு கடதாசியை எடுத்து வாசித்தார். தோட்டத்துத் தேயிலைக்கு வெளிநாட்டு முத்திரை ஒன்று வாங்கப்போகிறார்கள். மண்ணையும் தண்ணீரையும் காட்டையும் கெடுக்காமல் செய்த தேயிலை என்று அந்த முத்திரை சொல்லும். அது இருந்தால்தான் இனி வாங்குவார்கள். அதற்குப் பார்வையிட ஆள் வருகிறார்கள். அதனால் ஓடையின் இரண்டு பக்கமும் முப்பது முப்பது அடிக்கு மாடு கட்டக்கூடாது, மரக்கறி போடக்கூடாது, புல் அறுக்கக்கூடாது. இருக்கிறதை இரண்டு கிழமைக்குள் எடுத்துவிட வேண்டும்.

மற்றவர்களுக்கு அது கொஞ்சம் பீன்சும் நோக்கோலும் போன கதை. முணுமுணுத்துவிட்டு மலைக்குப் போனார்கள். பூரணி கூடையை மாட்டாமல் நின்றாள்.

"ஐயா, நம்ம பட்டி?"

"பட்டியும்தான் பூரணி."

"நீங்கதானே ஐயா எடம் காட்டுனீங்க."

அவர் கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "காட்டுனேன். இல்லேன்னு சொல்லல. அப்ப இந்தச் சட்டம் இல்ல. இப்ப இருக்கு. நா என்னா செய்ய? நானும் சொல்றதச் செய்யிற ஆளுதான்."

ஞாயிற்றுக்கிழமையாய்ப் பார்த்துத் தோட்டக் கமிட்டித் தலைவரைப் போய்ப் பார்த்தாள். அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொன்னார். அடுத்த கூட்டம் எப்போது என்று அவருக்கே தெரியவில்லை. அதன்பிறகு அரைநாள் சம்பளப் பேரை விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனாள். தோட்டத்து மனேஜர் துரை சின்ன வயசுக்காரர். கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. உட்காரவில்லை. துரைக்குத் தமிழ் ஓரளவு வரும்.

"அம்மா, நான் மாடு வேணாம்னு சொல்லல்ல. ஓடைகிட்ட வேணாம். அவ்வளவுதான். வேற எடம் சொல்லுங்க, நான் பாக்கிறேன்."

"ஏழாம் நம்பர் மலை சும்மாதானே கெடக்குதுங்க. தேயில செத்துக் காடாப் போயிருச்சே. அதுல ஒரு ஓரமாப் பத்தடி குடுத்தாப் போதுங்க."

துரை மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். பச்சையும் மஞ்சளுமாக ஒரு படம். அதில் அவருடைய பேனா ஒரு பச்சைத் திட்டைத் தொட்டது. "ஏழாம் நம்பர் இதுதான். இது இப்ப காடு. பாதுகாக்கிற காடுன்னு எழுதி அனுப்பியாச்சு. இங்க மாடு போட்டா எல்லாமே பிழையாகும்."

"அது நம்ம அப்பா காலத்துத் தேயில மலைங்க தொர."

"தெரியும்."

அவள் அந்தப் படத்தையே பார்த்தாள். மஞ்சளெல்லாம் தேயிலை. பச்சையெல்லாம் காடு. நீலம் ஓடை. லயங்கள் சின்னச் சின்னச் சாம்பல் கோடுகள். அந்தக் கோட்டுக்கு வெளியே தனக்கென்று ஒரு நிறம் இருக்கிறதா என்று தேடினாள். துரையும் நிஜமாகவே தேடிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "லயம்கூட கம்பனிட எடம்தானே. நான் எழுதித் தர முடியாது."

மிச்சமிருந்தது சுதர்ஷினி ஒருத்திதான். மாடு கொடுத்த திட்டத்தின் அலுவலர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஹட்டனில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். போன் போட்ட மறுநாளே வந்தாள். பட்டியைப் பார்த்தாள், ஓடையைப் பார்த்தாள், மாட்டின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். கந்தப்பன் அவளுக்கு மட்டும் முக்காலியைத் தூக்கி வைத்தான்.

"அக்கா, நாங்கள் குடுக்கேக்க இடம் இருக்கெண்டு தோட்டத்தால கடிதம் வாங்கியிருக்க வேணும். வாங்கேல்லை. கண்டாக்கு ஐயா சொன்னது காணும் எண்டு நினைச்சிட்டம். என்ர பிழைதான்."

"பிழைய யாரு கேட்டா தங்கச்சி? இப்ப என்னா வழி? வித்துறட்டா?"

சுதர்ஷினி தலையைக் குனிந்துகொண்டாள். ஒப்பந்தத்தில் இரண்டு வருஷத்துக்கு விற்கமுடியாது. இங்கே வந்து போடுகிற முதல் கன்று கிடாரியாக, பெண் கன்றாக இருந்தால் அதை இன்னொரு ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்கவேண்டும். மாட்டைக் கொண்டுபோய் இறைச்சிக்கு விற்றுவிட்டது முன்பு ஒரு இடத்தில் நடந்ததால் அப்படி எழுதியது. நல்லதுக்குத்தான் எழுதியது.

"விற்கேலாது. ஆனா ஆரிட்டையாவது பராமரிக்கக் குடுக்கலாம். அதைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை" என்றாள். "நான் துரைக்கு ஒரு கடிதம் எழுதிறன். மேலிடத்துக்கும் எழுதிறன். ஆனா அக்கா, திட்டம் இந்த மாதத்தோட முடியுது. எனக்கும் வேலை இந்த மாதம் வரைக்கும்தான்."

போகும்போது அவள் கண் கலங்கியிருந்தது. பூரணிதான் அவளுக்கு ஆறுதல் சொல்லி, வேன் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். கடிதங்களுக்குப் பதில் வந்ததாகத் தெரியவில்லை.

தவணை முடிந்தது. ஆட்கள் வந்து பட்டியைப் பிரித்தார்கள். வந்ததில் இரண்டு பேர் அதைக் கட்ட உதவியவர்கள். தகரம் வளையாமல் பார்த்துப் பார்த்துக் கழற்றி, அடுக்கிச் சுவரோரம் சாத்திவிட்டு, தேத்தண்ணி வேண்டாமென்று போய்விட்டார்கள். மாட்டைப் பூரணி லயத்து இஸ்தோப்புத் திண்ணைக்கு முன்னால் நீலப் படங்கு ஒன்றைக் கட்டி அதன் கீழே நிறுத்தினாள். வேறு இடமில்லை. கோயில் முன்வெளியில் கட்டக் கேட்டதற்குக் கோயில் கமிட்டி முடியாதென்றது.

பத்து நாள்கூடத் தாங்கவில்லை. மூத்திரம் கானில் ஓடி எல்லா வாசலையும் தொட்டது. ஈ மொய்த்தது. அடுத்த காம்பரா சரோஜாதேவியின் சின்னப் பிள்ளைக்கு மூச்சிழுப்பு. ஒரு காலையில் அவள் பிள்ளையைத் தோளில் போட்டபடி வந்து நின்றாள்.

"பூரணி அக்கா, நா சண்டைக்கு வரல. ராவெல்லாம் இதுக்கு இழுக்குது. டாக்டர் வீட்டுக்கிட்ட மாடு இருக்கான்னு கேட்டாரு. நா இல்லேன்னு பொய் சொல்லிட்டு வந்தேன்."

பிள்ளையின் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவது சட்டைக்கு மேலே தெரிந்தது. பூரணி, "எடுத்துர்றேன் சரோஜா" என்றாள். எங்கே என்று அவளுக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது.

அதற்குள் முத்திரைக்காரர்கள் வந்துவிட்டார்கள். அன்றைக்குக் கொழுந்துப் பெண்களுக்கு இடுப்பில் கட்டப் புதுப் படங்கும் கையுறையும் கொடுத்திருந்தார்கள். நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரர், அவரோடு கொழும்பிலிருந்து ஷாமிலா என்று ஒரு மொழிபெயர்க்கிற பெண். கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஐந்து பேரைப் பிரித்துத் தனியாக உட்காரவைத்துப் பேசினார்கள். கண்டாக்கையாவையும் கங்காணியையும் தூரப் போகச் சொல்லிவிட்டார்கள். அந்த ஐந்து பேரில் பூரணியும் இருந்தாள்.

முந்தின நாளே எல்லோருக்கும் ஒரு செய்தி காதுக்கு வந்திருந்தது. முத்திரை கிடைக்காவிட்டால் பக்டரியை மூடிவிடுவார்கள். யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மற்ற நான்கு பேரும் எல்லாம் நல்லபடி நடக்கிறது என்றார்கள். பூரணியின் முறை வந்ததும் நால்வரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். ஆனாலும் சொன்னாள். மாடு வந்தது, இடம் காட்டினது, பட்டி பிரித்தது, வீட்டுக்காரர் திரும்பப் படுத்துக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னாள். ஷாமிலா ஒன்றையும் விடாமல் திருப்பிச் சொல்வது பூரணிக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்தே தெரிந்தது. வெள்ளைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக் கேட்டார்.

பிறகு அவர் மெதுவாகப் பேசினார். ஷாமிலா சொன்னாள்: "இந்த ஓடைத் தண்ணியத்தான் கீழ இருக்கிற கிராமமெல்லாம் குடிக்குது, பொல்பிட்டிய பக்கம் வரைக்கும் போகுதுன்னு சொல்றாரு. மாட்டுச் சாணி அதுல கலந்தா சின்னப் பிள்ளைங்களுக்கு வயித்தோட்டம் வரும். அதுனால அந்தச் சட்டத்த அவரால மாத்த முடியாதாம்."

"அது சரிதாங்க" என்றாள் பூரணி. அது சரிதான் என்பது அவளுக்கும் தெரியும். அந்தத் தண்ணீரைத்தான் அவளும் குடிக்கிறாள்.

"அப்ப உங்களுக்கு என்ன வேணும்னு கேக்குறாரு."

"பத்தடி எடம். ஓடைக்குத் தூரமா, எங்கயாச்சும்."

ஷாமிலா அதை அவருக்குச் சொன்னாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிலம் கொடுக்கிறது, வாங்கிக்கொடுக்கிறது தன் கையில் இல்லை, அதைத் தோட்டமும் அரசாங்கமும்தான் பேசவேண்டும், ஆனால் அறிக்கையில் கட்டாயம் எழுதுவேன் என்றார். எழுதவும் செய்தார். பூரணியின் பேரை எழுத்துக்கூட்டி ஷாமிலாவிடம் கேட்டு எழுதினார். போகும்போது இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.

அன்று வழி நெடுக பூரணிக்கு ஒரு விஷயம்தான் மனதைப் போட்டு அறுத்தது. திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால் தேவலையே! எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கிறார்களே! கண்டாக்கையாவை நினைத்தாள், துரையை நினைத்தாள், சுதர்ஷினியை, சரோஜாவை, இந்த வெள்ளைக்காரரை. யார்மேலும் கோபம் நிற்கமாட்டேன் என்றது.

மாட்டைக் கீழே சிங்களக் கிராமத்துக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்னது கந்தப்பன்தான். சுவரைப் பார்த்தபடியே சொன்னான். கினிகத்தேனைக்குப் போகிற ரோட்டுக்கு மேலே சோமலதா என்று ஒரு பெண், பூரணி லீவு நாட்களில் அவள் மிளகுத் தோட்டத்தில் புல் பிடுங்கப் போவாள். அவர்களுக்குச் சொந்தக் காணி. வீட்டுக்குப் பின்னால் வெறும் மாட்டுக்கொட்டில் ஒன்றும் கிடந்தது.

பூரணி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லி முடிக்குமுன்னே சோமலதா, "பவ், நங்கி", பாவம் தங்கச்சி, என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு சுலபமாக முடிந்தது. மாடு பூரணியுடையது. தீனி போட்டு, மருந்து பார்த்து, கறக்கப்போவது சோமலதா வீட்டார். ஆகவே பால் அவர்களுக்கு. பூரணி வரும்போது ஒரு போத்தல் கொண்டுபோகலாம். வேறு எப்படிக் கேட்கமுடியும்? அவளாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் மாட்டை இறக்கிக் கூட்டிப்போனாள். ஏழு மாதச் சினை. சரிவில் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் கால் வைத்தது. லயத்து வாசலிலிருந்து புறப்படும்போது கந்தப்பன் வெளியே வரவில்லை. நிரூபாதான் சந்தி வரை கூட நடந்தாள்.

"அம்மா, டியூஷன நிப்பாட்டிர்றேன்னு சேர்கிட்ட சொல்லிட்டேன்."

"யாரு சொல்லச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

சந்தியில் மாட்டின் கழுத்தைத் தடவிவிட்டு நிரூபா திரும்பினாள்.

முத்திரை கிடைத்தது. பக்டரி வாசலில் பலகை வைத்தார்கள். ஆடியில் ஓடைக்கரையில் மரக்கன்று நட ஆள் பிரித்தபோது பூரணியின் பேரும் அதில் வந்தது. மூங்கில் கன்றும் கும்புக் மரக்கன்றும். பட்டி இருந்த இடத்தில் மண்வெட்டி சத்தமில்லாமல் இறங்கியது. மாதக்கணக்கில் சாணி ஊறிய மண், கறுத்துப் பொலபொலவென்று கிடந்தது. "இங்க நல்லா வரும் போலருக்கு" என்றாள் கூட வேலை செய்த ஜீவராணி. சொன்ன பிறகுதான் நினைவு வந்து வாயைப் பொத்தினாள். பூரணி மண்வெட்டியை ஓங்கினாள். அன்றைக்குக் குறித்த கணக்குக்குக் குழி வெட்டினாள்.

அடுத்த மாதம் சோமலதா போன் பண்ணினாள். கன்று போட்டுவிட்டது, கிடாரி. ஞாயிற்றுக்கிழமை பூரணி போய்ப் பார்த்தாள். நெற்றியில் வெள்ளை விழுந்த கறுப்புக் கன்று. சோமலதாவின் வீட்டுக்காரர் கொட்டிலுக்குச் சீமெந்துத் தரை போட்டிருந்தார். மாடு கொழுத்துப் பளபளவென்று இருந்தது. பூரணி கழுத்தைத் தடவினாள், அது நின்றது. கன்றைத் தொடப் போனதற்கு மட்டும் கொம்பை ஆட்டியது.

திரும்பும் வழியில் ரோட்டோரம் நின்று சுதர்ஷினிக்கு அழைத்தாள். கிடாரிக் கன்றை யாருக்குக் கொடுக்கிறது என்று கேட்கவேண்டுமே. இலக்கம் பாவனையில் இல்லை என்று மூன்று பாஷையிலும் ஒரு குரல் சொன்னது. இன்னொரு தரம் அழைத்தாள். அதே குரல். யாரோ ஒரு ஏழைக் குடும்பத்துக்குச் சேரவேண்டிய கன்று அது. அந்தக் குடும்பம் யாரென்று சொல்ல இப்போது ஆளில்லை. கன்று இருக்கிற இடத்திலேயே இருக்கும், வேறென்ன!

வீட்டுக்கு வந்து பால் போத்தலை மேசையில் வைத்தாள். கந்தப்பன் சுவரிலிருந்து திரும்பினான்.

"பாத்தியா?"

"பாத்தேன். கிடாரிதான்."

"நஞ்சுக்கொடி விழுந்துச்சாமா?"

"கேக்கலியே."

"மடி கல்லாட்டம் இருந்துச்சா? மொதச் சீம்பால கன்னுக்கு விட்டாங்களா? பின்னங்கால் ரெண்டும் நேராத்தான் நிக்குதா?"

இதில் ஒன்றையும் அவள் பார்க்கவில்லை. அரைமணிநேரம் அடுத்த வீட்டுப் பொருளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

"அவங்க நல்லாப் பாத்துக்கிறாங்க" என்றாள்.

"பாத்துக்குவாங்க" என்றான் அவன். "நல்ல மனுசங்கதான்."

கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தான். இன்னும் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தான் போல. பிறகு போர்வையை இழுத்துக்கொண்டான். பூரணி அடுப்பை மூட்டி, பாலை ஊற்றி, பொங்காமல் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.